மூன்றாம் பந்திப் பாயசம்

சென்ற இதழ் வெளியான நான்காம் நாள் நமக்கு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. எழுதியவர் நம் சங்கத்தின் நீண்ட நாள் அங்கத்தினர், ரயில்வே உத்தியோகஸ்தர், இந்நகருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. க்ஷேம லாபங்களை விசாரித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்திருந்தார்.

"2019-ஆம் ஆண்டு டிசம்பர் இதழில், 'தபங்' மூன்றாம் பாகம் வெளிவரப் போகிறது, குடும்பத்துடன் கண்டு களிக்கலாம் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். தங்கள் வார்த்தையை நம்பி, தாயார், மனைவி, குழந்தைகள் இருவர் ஆக ஐவராகச் சென்றோம். அந்த ஆண்டில் நாங்கள் கொட்டகைக்குச் சென்றது அந்த ஒரு முறைதான். இந்தக் கோடை விடுமுறையில் குழந்தைகள் மூன்று பாகங்களையும் வரிசையாக வீட்டிலேயே போட்டுப் பார்த்தார்கள். ஆறிப்போயிருந்த வருத்தம் மறுபடியும் கிளம்பிவிட்டது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தாங்கள் அன்று எழுதியது படத்தைப் பார்த்துவிட்டா, பாராமலா?"

பாராமல்தான் எழுதினோம். இதழ் அச்சேறிய பிறகே படம் வெளிவந்தது என்பது உண்மையாயினும் அது சமாதானமாகாது. பார்க்கும்வரை காத்திருந்து ஜனவரியில் எழுதியிருக்கலாம். காத்திராமைக்குக் காரணம் டைரக்டர் பிரபுதேவா. நம்மவர் ஒருவர் இந்திப் படவுலகின் பெரிய நட்சத்திரத்தை இயக்குகிறார் என்றதும் நம் பேனா தானே ஓடிவிட்டது. நடன ஆசிரியர் சுந்தரத்தின் மகன். நடன அமைப்புக்காக இருமுறை தேசிய விருது பெற்றவர். 2009-இல் 'வான்டட்' படத்தின் வாயிலாக சல்மான் கானுக்கு மீண்டும் ஏறுமுகம் காட்டியவரும் இவரே. நம் ஊரில் 'போக்கிரி'யாக ஓடிய கதைதான் அது. 2012-இல் 'ரவுடி ராத்தோர்' படத்திலும் வெற்றி கண்டார். இத்தனையும் நெஞ்சில் நிற்க, படத்தைப் பார்த்த பிறகு பேசலாம் என்ற பொறுமை எங்கிருந்து வரும்? ஐந்து பேரின் ஒரு மாலைப் பொழுது நம் ஊர்ப்பற்றுக்குப் பலியாயிற்று. மன்னிப்புக் கேட்பது ஒருபுறமிருக்க, அந்த மாலை ஏன் வீணாயிற்று என்பதற்கு உரிய விளக்கத்தையும் அன்பருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

முதல் படத்திலிருந்து தொடங்குவோம். 2010 செப்டம்பரில், ஈத் பண்டிகையை ஒட்டி 'தபங்' வெளிவந்தது. அபிநவ் காஷ்யப் இயக்கினார். உத்தரப் பிரதேசத்தில் லால்கஞ்ச் என்னும் சிற்றூர். அதில் சுல்புல் பாண்டே என்னும் போலீஸ் அதிகாரி. கறுப்புக் கண்ணாடியைச் சட்டைக் காலரின் பின்புறத்தில் மாட்டிக்கொள்வான். திருடரைப் பிடிப்பான், திருட்டுப் பணத்தைத் தானே வைத்துக்கொள்வான். தன்னை ராபின் ஹூட் என்றும் சொல்லிக்கொள்வான். முதற் சண்டையின் நடுவில் அடியாள் ஒருவனுடைய கைப்பேசி ஒலிக்கிறது. அந்த இசை காதில் விழுந்ததும் சுல்புல் சண்டையை நிறுத்திவிட்டு ஆடத் தொடங்குகிறான். கொட்டகையே ஆர்ப்பரித்தது. சண்டைகளை அமைத்தவர் நம் விஜயன் மாஸ்டர். தென்னாட்டு ஸ்டண்ட் வித்தையில் மனிதன் பறப்பதும் சுழல்வதும் நமக்குப் பழைய சங்கதி. வடநாட்டாருக்கு அன்று அது புதுமையாகவே இருந்தது.

ஆனால் அன்று நம் வீடுகளில் அப்படத்தை நேசித்தவர்கள் சண்டைக்காக மட்டும் நேசிக்கவில்லை. சுல்புலின் வீட்டை நினைத்துப் பாருங்கள். தாய் மறுமணம் செய்துகொண்டவள். மாற்றாந்தந்தைக்குத் தன் வயிற்றுப் பிள்ளையான மக்கியின்மீதே பாசம். சிறு வயதில் கண்ட அந்த ஓரவஞ்சனையைச் சுல்புல் மறப்பதே இல்லை. வளர்ந்து போலீஸ் அதிகாரியான பின்பும், வீட்டுக்குள் நுழைந்தால் அவன் சாப்பாட்டுக்கு முறைத்துக்கொள்ளும் சிறுவன்தான். வெளியில் அவன் செய்யும் கோணங்கித்தனம் அத்தனையும் அந்தக் கோபத்திலிருந்தே பிறக்கிறது. தம்பியின் கல்யாணப் பந்தலுக்கு வந்து, அங்கே மூட்டிய ஹோமத்திலேயே தன் காதலியின் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறானே, அந்தக் காட்சியில் கொட்டகை முழுவதும் சிரித்தது. மணமேடையில் இடம் இழந்த தம்பியையும் அவமானத்தில் குன்றிய தகப்பனையும் பார்க்கையில் அந்தச் சிரிப்பினூடே ஏதோ ஒன்று தைத்தது. தாய் இறக்கிறாள், தொழிற்சாலை தீக்கிரையாகிறது, மாற்றாந்தந்தை மருத்துவமனையில் கிடக்கிறார். அப்போதுதான் இருவர் மனமும் இளகுகிறது.

குயவர் குலப் பெண்ணாக சோனாக்ஷி சின்ஹா அறிமுகமானார். குடிகாரத் தகப்பனைத் தனியே விட்டுவிட்டு மணம் புரிய மறுக்கும் மகள். அதை உணர்ந்து தன் உயிரையே மாய்த்துக்கொள்ளும் தகப்பன். தகப்பனாக வந்த மகேஷ் மஞ்ச்ரேக்கருக்குக் கிடைத்தவை சில காட்சிகளே. நம் வீட்டுப் பெண்மணிகள் பலர் கண் கலங்கியது அங்கேதான். சாமானியமான அடிதடிப் படம் என்று உதறிவிட முடியாமல், ஆரோக்கியமான பொழுதுபோக்கை அளித்த சிறந்த ஜனரஞ்சகப் படம் என்று தேசிய விருதும் அளித்தார்கள்.

நம் போன்ற குடும்பங்களுக்கு அப்படம் வேறொரு வகையிலும் உதவிற்று. வடக்கே வந்து குடியேறிய வீடுகளில் குழந்தைகள்தாம் துபாஷிகள். கொட்டகையில் பாட்டிக்கு இருபுறமும் பேரப்பிள்ளைகள் அமர்ந்து காதோடு காதாக மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார்கள். கிழக்கத்திய வாடை வீசும் அந்த இந்தி, பள்ளியில் இந்தி படித்த குழந்தைகளுக்கே பிடிபடவில்லை. ஆயினும் 'தபங்'கைப் பார்த்த பாட்டிமார் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை என்ற பேதத்தைப் புரிந்துகொள்ள எந்தப் பாட்டிக்கு இந்தி தேவை?

இனி இரண்டாவது படம். 2012 டிசம்பரில் வந்தது. அபிநவ் காஷ்யப் இல்லை. தம்பி மக்கியாக நடித்தவரும் தயாரிப்பாளரும், நிஜ வாழ்விலும் சல்மானின் தம்பியுமான அர்பாஸ் கானே இயக்கினார். சுல்புல் கான்பூருக்கு மாற்றலாகிறான். வீட்டில் எல்லோரும் ஒற்றுமை. தகப்பனும் மகனும் கேலி பேசி மகிழ்கிறார்கள். மனைவி கர்ப்பவதி. ஒரு குடும்பம் சௌக்கியமாக இருப்பது குறித்து நமக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கோபம் தீர்ந்த பிறகு கண்ணாடியைக் காலரில் மாட்டுவதும், இடுப்புப் பட்டையைப் பிடித்து ஆட்டி ஆடுவதும் எதற்காக என்ற கேள்வி எழுகிறது. முன்பு குணத்திலிருந்து வந்த சேஷ்டைகள் இப்போது பழக்கத்தினால் வருகின்றன. வீட்டில் கதை இல்லாமற்போகவே, வெளியிலிருந்து ஒரு துன்பத்தைத் தருவித்தார்கள். வில்லனின் தம்பி தாக்குகிறான், கர்ப்பம் கலைகிறது, நாயகன் பழி வாங்குகிறான். அத்தனை பெரிய துக்கத்துக்கு அந்தப் பெண்ணை அழவிட்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

வில்லன் யார் என்பதை நினைத்தால் நமக்கு வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பிரகாஷ் ராஜ்! 2004-இல் வந்த 'கில்லி'யில் முத்துப்பாண்டியாக வந்து, பயமுறுத்திக்கொண்டே சிரிக்க வைத்த அதே மனிதர். ஹாஸ்யமும் பயங்கரமும் ஒரே முகத்தில் குடியிருக்கும் இத்தகைய நடிகர் தேடினாலும் அகப்படமாட்டார். அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்து, தம்பி செத்தான் என்ற சேதியைக் கேட்டுக் கர்ஜிக்கச் சொன்னார்கள். கடைசியில் அடிபடச் சொன்னார்கள். வீணையை வாங்கி வந்து பரண்மேல் ஏற்றினாற்போல ஆயிற்று. எனினும் வசூலுக்குக் குறைவில்லை. முதல் படத்தின்மீது ஜனங்கள் வைத்த அன்பு இரண்டாவதற்குக் காசாக வந்து சேர்ந்தது. படம் எடுத்தவர்கள் அதைத் தங்கள் இரண்டாவது படத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று எண்ணிக்கொண்டார்கள் போலும்.

இதற்கிடையே தெற்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். 2011-இல் தரணி இதனை 'ஒஸ்தி' என்று தமிழில் எடுத்தார், சிலம்பரசன் நடித்தார். படம் சுமார்தான். ஆனால் எல்.ஆர். ஈஸ்வரி அம்மையாரின் குரலை மீண்டும் ஒலிக்கச் செய்ததற்காக அதன் குற்றங்களில் பாதியைத் தள்ளுபடி செய்கிறோம். அதற்கு இரண்டாம் பாகம் எடுக்கவில்லை. தெலுங்கில் பவன் கல்யாண் நடித்து 2012-இல் வந்த 'கப்பர் சிங்' அமோக வெற்றி. 2016-இல் அதே பாத்திரத்தின் பெயரை நம்பி 'சர்தார் கப்பர் சிங்' எடுத்தார்கள், அது விழுந்தது.

மூன்றாவது படம் 2019 டிசம்பர் 20-ஆம் தேதி வந்தது. நம் பிரபுதேவாவின் படம். இங்கே நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டாவது படத்தில் எது குறைந்தது என்பதை அவர்கள் உணர்ந்தார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. நாயகனுக்கு உள்ளே ஒரு புண் வேண்டும், அது இல்லை. ஆகவே புதிதாக ஒன்றை உண்டாக்க முயன்றார்கள். லால்கஞ்சுக்கு வருமுன், அவன் இளைஞனாக இருந்த காலத்தில், குஷி என்ற பெண்ணைக் காதலித்தானாம். சுல்புல் என்ற பெயரே அவள் சூட்டியதாம். அவளைக் கொன்றவன் இப்போது மீண்டும் எதிரே வருகிறானாம். குஷியாக வந்த சாயி, முதல் படத்தில் அந்தக் குடிகாரத் தகப்பனாக நடித்த மகேஷ் மஞ்ச்ரேக்கரின் மகள். வில்லனாகக் கன்னடத்து சுதீப். நடிகர்களிடம் குறை காண இயலாது.

குறை எங்கே என்றால், இந்தத் துக்கம் மெய்யாயின் முதல் படத்தின் சுல்புல் வேறு மனிதனாக இருந்திருப்பான். குயத்திப் பெண்ணைக் கண்டு அவன் வாயடைத்து நின்றதில், முன்பு ஒருத்தியைப் பறிகொடுத்தவனின் நிழல் எங்கேனும் விழுந்ததா? பின்னால் வந்து முன்கதையை மாற்றினால், வந்தது ஒட்டாததோடு இருந்ததும் கெடுகிறது. பற்றாக்குறைக்கு நாயகன் உபதேசியாகவும் ஆகிவிட்டான். வரதட்சிணையை எதிர்த்துப் பேசுகிறான். பேசத் தகுந்த விஷயந்தான். அதை நம் சங்க மேடையிலேயே ஆண்டுதோறும் பேசுகிறோம். லஞ்சப் பணத்தை மறைத்து வைக்கும் போக்கிரி பேசும்போதுதான் இடிக்கிறது. முதல் படம் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டியது. இதுவோ இரண்டரை மணிக்கும் மேல். 2010-இல் ஜனங்கள் கொண்டாடிய 'முன்னி' பாட்டை 'முன்னா' என்று ஆண்பாலாக்கி நாயகனையே ஆடவிட்டார்கள். ஆட்டத்தில் பிரபுதேவாவும் சற்று நேரம் வந்து போனார். அந்தச் சில விநாடிகளில் நமக்கும் கை தட்டத் தோன்றியது. அதையும் மறைக்கவில்லை.

கல்யாண வீடுகளில் மூன்றாம் பந்திக்கு உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இலை அதே இலை, பரிமாறுபவரும் அவரே. பாயசத்தில் மட்டும் வெந்நீர் கலந்திருக்கும். நாம் ஆட்சேபிப்பது அந்த வெந்நீரைத்தான். நான்காவது பாகமும் வரலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வருமாயின் முதலில் நாம் பார்த்துவிட்டு, பிறகே இப்பகுதியில் ஒரு வரியேனும் எழுதுவோம். டைரக்டர் எந்த ஊர்க்காரராயினும் சரி.

கடிதத்துக்குப் பதில் எழுதுவதைக் காட்டிலும் நேரில் செல்வதே முறை என்று, சென்ற ஞாயிறன்று அன்பரின் வீட்டுக்குப் போனோம். அவர் முகம் மலர வரவேற்றார். காப்பி வந்தது. குழந்தைகள் இருவரும் இப்போது நன்றாக வளர்ந்துவிட்டார்கள். நம்மைக் கண்டதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தாயார் உள்ளேயிருந்து வந்து எதிரே உட்கார்ந்தார். அம்மாளிடம்தான் முதலில் மன்னிப்புக் கேட்டோம்.

"அதுக்கென்ன தம்பி, காசு போனாப் போகுது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல்லே. அந்தப் பையனோட அப்பா இருந்தாரே, மொதப் படத்துலே ஆஸ்பத்திரியிலே படுத்திருப்பாரே, அவரை அப்புறம் எங்கே? இந்தப் படத்துலே வந்தவர் முகம் அவராட்டமே இருந்தது. ஆனா அவரில்லையே?"

பேரன் முந்திக்கொண்டு பதில் சொன்னான். வினோத் கன்னா 2017-இல் காலமாகிவிட்டார். மூன்றாம் படத்தில் அவர் வேஷத்தில் நடித்தவர் அவருடைய சொந்தத் தம்பி பிரமோத் கன்னா.

"அப்படியா? தம்பியா?" என்றார் அம்மாள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்க அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்!" என்று சொல்லி, நம் காப்பி ஆறிவிட்டதைக் கண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.