பாடியவள் பெயர் எங்கே?

மலையக நாட்டார் பாடல்களை ‘எவரோ பாடியவை, எல்லோருக்கும் உரியவை’ என்று கூறி முடித்துவிடுவது ஆய்வாளரிடையே வழக்காகிவிட்டது. கூற்று அழகானதுதான், ஆயின் அது ஒரு சோம்பலையும் மறைக்கின்றது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சென் லூயிஸ் புளூஸ்’ ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அதனை 1914இல் வெளியிட்ட டபிள்யூ. சி. ஹன்டி, ‘மெம்பிஸ் புளூஸ்’ என்னும் தமது முந்தைய ஆக்கத்தின் உரிமையைச் சொற்பத் தொகைக்கு விற்று ஏமாந்தவர். ஆதலின் இம்முறை உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1925இல் பெஸி ஸ்மித் பாட, லூயி ஆம்ஸ்ட்ரோங் கோர்னெற் வாசிக்க, அது இசைத்தட்டாயிற்று. வருவாயும் ஹன்டியை வந்தடைந்தது. எனினும் அப்பாடலின் வித்து, கணவனின் கல்நெஞ்சை நொந்தபடி தெருவில் தள்ளாடிச் சென்ற ஒரு பெண்ணின் வாய்மொழி என அவரே தம் சுயசரிதையில் கூறுகின்றார். அப்பெண்ணை உலகம் பெயரால் அறியாது.

அதே 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். அப்பணியின் பெருமை மறுக்கற்பாலதன்று. ஆயின் அவர்வழி வந்தோரிற் பலர் கொழுந்துக் கூடையோடு நின்றுவிட்டனர். சப்பிரகமுவாவில், கேகாலையின் தாழ்ந்த சரிவுகளில், இறப்பரே வாழ்வு. கொழுந்து பறிப்போர் நிரையாக நிற்பர். பால் வெட்டுபவளோ விடியலில் மரம் மரமாகத் தனியே நடப்பாள். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. இவ்விருவரின் பாட்டும் ஒன்றாகத்தான் இருக்குமோ? யட்டியாந்தோட்டைக்கோ தெரணியகலைக்கோ சென்று கேட்டவர் எத்தனை பேர்?

கேட்பதற்குக் காலமும் அதிகமில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து நீலகிரிவரை அனுப்பிற்று. 1977ஆம் ஆண்டின் வன்செயல் பலரை வன்னிக்குத் துரத்திற்று. எஞ்சியோரின் பேரப்பிள்ளைகளிற் பலர் இன்று சிங்கள மொழிமூலம் கற்கின்றனர்; பாட்டியின் தாலாட்டு அவர்களுக்குப் பாதியே விளங்குகின்றது.

பெயரைக் குறித்தால் நாட்டார் பண்பு கெடும் என்பாரும் உளர். மீனாட்சி அம்மாள் நடேசய்யர் 1940இல் தம் பெயரிலேயே பாடல்களை அச்சிட்டுத் தோட்டங்களிற் பாடினார். அதனால் அவை தொழிலாளர் பாடல்கள் அல்லவாயினவா? புலவனுக்குப் பெயர், ஊர், காலம் மூன்றையும் தேடி ஏடேடாகப் புரட்டும் பல்கலைக்கழகம், பால்வாளியோடு நடப்பவளிடம் மட்டும் ‘பெயர் எதற்கு’ என்பது ஆய்வுநெறியன்று, பழைய துரைத்தனத்தின் மிச்சம். துரையாவது செக்ரோலில் அவள் பெயரை எழுதினான்.

இனிச் செல்லும் மாணவர் குறிப்பேட்டில் பாடலுக்கு முன்னரே பாடியவரின் பெயர், தோட்டம், தொழில், ஆண்டு ஆகியன இடம்பெறவேண்டும். பெயர் வேண்டாம் என்று அவள் கூறின், அவ்வாறே விடலாம்.