பேய் பிஸ்கட்டும் பெரியோரின் மறதியும்

அக்டோபர் திங்கள் முடியுந்தறுவாயில் புதுப்பழக்கம் ஒன்று நம் பிள்ளைகளின் கையில் மாவாகப் பிசையப்படுகிறது. மண்டையோட்டு வடிவில் பிஸ்கட், வௌவால் ஒட்டிய கேக், சர்க்கரைக் குழம்பால் சிலந்திவலை வரைந்த ரொட்டி. ஹாலோவீன் என்று இதற்குப் பெயர். சென்னை, பெங்களூரு பேக்கரிகளில் விற்கும் இப்பண்டம், கைப்பேசித் திரை வழியே சேர்வராயன் மலையின் அடுக்களைகளுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது.

இதுபற்றி நம்மவருள் இரு கட்சிகள். ஒரு சாரார் 'அலகையின் வேலை' எனச் சீறுகின்றனர். மறு சாரார் 'குழந்தை விளையாட்டுத்தானே' எனச் சிரித்து நகர்கின்றனர். இரு சாராரும் தவறுகின்றனர் என்பதே நம் வழக்கு.

சீறுவோருக்கு முதலில் சொல்வோம். ஹாலோவீன் என்ற சொல்லுக்கே 'புனிதர் அனைவர் பெருவிழாவின் முன்மாலை' என்பதுதான் பொருள். நவம்பர் முதல் நாளை அப்பெருவிழாவாகக் கொண்டாட, திருத்தந்தை நான்காம் கிரகோரியின் விருப்பப்படி 835ஆம் ஆண்டில் பேரரசர் லூயி தம் நாடெங்கும் ஆணையிட்டார். எலும்பு வடிவத் தின்பண்டமும் கத்தோலிக்கருக்குப் புதிதன்று. இத்தாலியில் 'இறந்தோர் எலும்பு' என்றொரு பிஸ்கட் உண்டு. ஸ்பெயினில் 'புனிதர் எலும்பு' என்றோர் இனிப்பு உண்டு. மெக்சிகோவில் எலும்புருவம் பதித்த ரொட்டியை இறந்தோர் நினைவாகப் படைக்கின்றனர். காய்க்கு முகம் வரைவது அந்நியம் என்பீரேல், நம் தெருவில் புதுவீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணியை அண்ணாந்து பாருங்கள்.

இனிச் சிரிப்போருக்கு. இடைக்கால இங்கிலாந்தில் இந்நாள்களில் ஏழைகளும் சிறுவரும் வீடுவீடாகச் சென்று 'ஆன்ம அப்பம்' பெற்றனர். பெற்ற அப்பத்துக்கு ஈடாக, அவ்வீட்டில் இறந்தோருக்காகச் செபித்தனர். அப்பம் தருமமாயிருந்தது, அதன் விலை செபமாயிருந்தது. இன்றோ செபம் போயிற்று, தருமம் போயிற்று, இறந்தோரும் போயினர். எஞ்சியது சர்க்கரை மட்டுமே. இந்த வெறுமையையே நாம் கண்டிக்கிறோம்.

இறந்தோர் அனைவருக்கும் நவம்பர் 2 என்று நாள் குறித்தவர் பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் அதிபர் புனித ஓடிலோ. காலம் ஏறத்தாழ 998. அந்தக் குளூனியின் பெயரைத் தாங்கிய சூசையப்பர் சபைக் கன்னியரே ஏற்காட்டில் தலைமுறைகளுக்குக் கல்வி அளித்து வருகின்றனர். கல்லறைத் திருநாளைத் தந்த ஊரின் பெயர் நம் மலையில் நாள்தோறும் ஒலிக்க, அத்திருநாளின் பொருளைப் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

சர்க்கரையால் மண்டையோட்டுக்குக் கண் வரையும் சிறுமியிடம் அவள் பாட்டனாரின் கல்லறை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது. சுண்ணாம்பு அடித்து, பூத்தூவி, மெழுகுதிரி ஏற்றும் நாளில், 'பனி ஆகாது, பாடம் இருக்கிறது, பயந்துவிடும்' என்று பிள்ளையை வீட்டில் விட்டுச் செல்பவர் நாம்தாமே! பேய்ப்படத்துக்கு அஞ்சாத பிள்ளை தன் தாத்தாவின் பெயர் பொறித்த கல்லுக்கா அஞ்சும்? சாவை மறைத்து வளர்த்தால் அது பேயாகத்தான் திரும்பி வரும்.

ஆகவே பிள்ளைகளின் கையிலிருந்து மாவைப் பிடுங்காதீர்கள். நவம்பர் முதல் நாள் மாலையில் அவர்களோடு அமருங்கள். கேழ்வரகு மாவும் வெல்லமும் வெண்ணெயும் போதும். அடுமனை அடுப்பில்லாத வீட்டில், கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி மூடிச் சுடலாம். ஒவ்வோர் அப்பத்திலும் பிள்ளை ஒரு சிலுவை கீறட்டும். குடும்பத்தில் இறந்த ஒருவரின் பெயரைச் சொல்லட்டும். அவர் எப்படிச் சிரிப்பார், என்ன உழைத்தார் என்று நீங்கள் கதை சொல்லுங்கள். மறுநாள் பிள்ளையின் கையாலேயே அவ்வப்பங்கள் கல்லறைத் தோட்ட வாயிலில் அமர்ந்திருக்கும் ஏழையரைச் சேரட்டும்.

போரில் மடிந்த தோழருக்காக யூதா மக்கபே எருசலேமுக்கு அனுப்பியது இரண்டாயிரம் வெள்ளித் திராக்மா. நம்மிடம் கேட்கப்படுவது ஒருபடி மாவும் ஒரு மாலைப்பொழுதும். அதையும் தர மனமில்லாதவர்கள், பேய் பிஸ்கட்டைப் பழிக்க உரிமை உடையவரா?