ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வாக்களிப்பவர்கள் அதை எதைக்கொண்டு அளக்கிறார்கள்?

2021 ஜூன் 10ஆம் திகதி ஐரோப்பிய நாடாளுமன்றம் இலங்கை தொடர்பாக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்பட வேண்டும், ஜி.எஸ்.பி பிளஸ் வரிச்சலுகையைத் தற்காலிகமாக நிறுத்தப் போதிய காரணம் உள்ளதா என்று ஐரோப்பிய ஆணைக்குழு ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் பக்கத்தில் அது பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு சட்டத்தில் சில திருத்தங்கள் வந்தன. ஆனால் சட்டம் போகவில்லை. சலுகையும் போகவில்லை.

காரணம் எளிது. சலுகையை நிறுத்தும் நடைமுறையைத் தொடங்கும் அதிகாரம் ஆணைக்குழுவிடமே இருக்கிறது. ஆணைக்குழு எடுக்கும் முடிவை நாடாளுமன்றம் ஆட்சேபிக்கலாம், தானாக ஒன்றைத் தொடங்க முடியாது. 2010 ஓகஸ்டில் சலுகை பறிக்கப்பட்டதற்கும் ஆணைக்குழுவின் விசாரணைதான் அடிப்படை. 2017இல் அதைத் திருப்பிக் கொடுப்பதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் வந்த பிரேரணை தோற்றுப்போனது.

இந்த ஏமாற்றம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. தாங்கள் தெரிவு செய்யும் சபையால் ஒரு சட்டமூலத்தைத் தானாக முன்மொழியக்கூட முடியாது என்பது ஐரோப்பியக் குடிமக்களின் பழைய முறைப்பாடு. 1979இல் முதல் நேரடித் தேர்தலில் 62 வீதமானோர் வாக்களித்தார்கள். அதன்பின் சபையின் அதிகாரம் கூடிக்கொண்டே போக, வாக்களிப்பு 2014 வரை குறைந்துகொண்டே வந்து 43 வீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டு ஸ்லோவாக்கியாவில் 13 வீதம்தான். 2019இலும் 2024இலும் பாதிக்குச் சற்று மேலே ஏறியிருக்கிறது.

அப்படியானால் மக்கள் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்? ஜேர்மன் அறிஞர் ஃபிரிட்ஸ் ஷார்ஃப் இதை இரண்டாகப் பிரித்தார்: மக்களின் குரல் உள்ளே போகிறதா என்பது ஒன்று, அவர்களுக்குப் பயன் தரும் முடிவு வெளியே வருகிறதா என்பது மற்றது. பிரஸ்ஸல்ஸ் நெடுங்காலம் இரண்டாவதை நம்பியே வண்டி ஓட்டியது. ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். தூரத்தில் இருக்கும் ஒன்றியத்தைப் பலர் சொந்த நாட்டு அரசோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள். வீட்டில் ஊழலைக் கண்டு சலித்தவருக்கு பிரஸ்ஸல்ஸ் நல்லதாகத் தெரிகிறது. வீட்டு ஜனநாயகத்தில் திருப்தியுள்ள டென்மார்க் வாக்காளர்கள் 2000ஆம் ஆண்டு யூரோ நாணயத்தையே வேண்டாம் என்றார்கள். கொழும்பை நம்பாததால் ஜெனீவாவை நம்பிய எங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

ஆனால் அந்த நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. கிரேக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2015 ஜூலை 5ஆம் திகதி, கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்பதா என்று சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. 61 வீதமானோர் "இல்லை" என்றார்கள். வங்கிகள் மூடிக்கிடந்தன, தானியங்கி இயந்திரத்தில் நாளுக்கு 60 யூரோதான் எடுக்கலாம். எட்டு நாள் கழித்து, இரவு முழுவதும் நீண்ட பேச்சின் முடிவில், பிரதமர் சிப்ராஸ் மக்கள் நிராகரித்தவற்றைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு இணங்கினார். அந்தப் பேரத்தில் முக்கிய பங்கு வகித்த யூரோ குழு, ஒன்றிய ஒப்பந்தங்களின்படியே ஒரு முறைசாராக் கூட்டம். அதைத் தேர்தலில் தண்டிக்க ஒரு கிரேக்கருக்கு வழி ஏது? தன் பிரதமரைத்தான் தண்டிக்கலாம். அந்த செப்டெம்பரில் அதையும் செய்யவில்லை, சிப்ராஸையே மறுபடி தெரிவு செய்தார்கள்.

கடன் கொடுத்த நாடுகளுக்கும் வாக்காளர்கள் உண்டு என்பது ஜேர்மனியின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எல்லோருடைய வாக்கும் ஒரே எடையில் நிறுக்கப்படவில்லை என்பதைக் கிரேக்கர்கள் கண்டுகொண்டார்கள். 2008 ஜூனில் லிஸ்பன் உடன்படிக்கையை 53 வீதத்தால் நிராகரித்த அயர்லாந்து மக்கள், சில உத்தரவாதங்கள் கிடைத்த பின் அடுத்த ஆண்டே மீண்டும் வாக்குச்சாவடிக்கு அழைக்கப்பட்டார்கள். இம்முறை 67 வீதம் "ஆம்". முதல் தடவையே "ஆம்" என்றிருந்தால் இரண்டாவது வாக்கெடுப்பு வந்திருக்குமா?

2019இல் இன்னொரு அடி. பெரிய கட்சிக் கூட்டணி மன்ஃபிரெட் வேபரை ஆணைக்குழுத் தலைவர் வேட்பாளராக முன்னிறுத்தி வாக்குக் கேட்டது. தேர்தல் முடிந்ததும் அரச தலைவர்கள் கூடி, அந்தப் பதவிக்கு எந்தக் கட்சியும் முன்னிறுத்தாத உர்சுலா வொன் டெர் லெயனை நியமித்தார்கள். நாடாளுமன்றம் 383 வாக்குகளால் அதை ஏற்றது. தேவைப்பட்டவை 374.

புலம்பெயர்ந்த எங்கள் அமைப்புகள் இந்தச் சபையின் கதவைத் தட்டுவதை நான் குறைசொல்லவில்லை. தட்டுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பிரான்ஸ், ஜேர்மனிக் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கு அங்கே வாக்கு உண்டு. சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லை. பிரித்தானியா 2020 ஜனவரி 31ஆம் திகதி வெளியேறிவிட்டது. லண்டனிலிருந்து ஸ்ட்ராஸ்பேர்க்குக்குப் போகும் மனு, இப்போது அங்கே வாக்கில்லாத ஒருவரின் கடிதம். பாரிஸ் புறநகரில் வாக்குள்ள தமிழர்கள் எத்தனை பேர் 2024 ஜூனில் வாக்களிக்கப் போனார்கள் என்று எந்த அமைப்பாவது கேட்டுப் பார்த்ததா?