திரும்பி வரும் செவிலியருக்கு வாயில் எது?

உரோமை நகரின் புனித யாக்கோபு மருத்துவமனைக்குக் காலில் ஆறாத புண்ணோடு ஓர் இளைஞர் வந்தார். சிகிச்சை பெற்றுக்கொண்டே அங்கு ஊழியமும் செய்தார். ஆனால் சூதாட்டப் பித்து அவரை விடவில்லை; மருத்துவமனை அவரை வெளியேற்றியது. போர்க்களங்களில் அலைந்து, கையிலிருந்த அனைத்தையும் சூதில் தோற்று, 1575-இல் மனம் மாறிய அவர், மீண்டும் அதே மருத்துவமனையின் வாயிலுக்கு வந்து நின்றார். மருத்துவமனை அவரை ஏற்றது. பின்னாளில் கண்காணிப்பாளராகவும் அமர்த்தியது. அவர்தாம் கமில்லுஸ் தெ லெல்லிஸ். 1886-இல் நோயாளிகளுக்கும், 1930-இல் செவிலியருக்கும் பாதுகாவலராகத் திருச்சபை அவரை அறிவித்தது. நம் மருத்துவமனைகளின் சிற்றாலயங்களில் அவரது படத்துக்கு மாலையிடுகிறோம். ஒருமுறை விலகிப் போனவரைத் திரும்ப ஏற்றுக்கொண்ட அந்த மருத்துவமனையை மட்டும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

நாம் அறிந்த அம்மையார் ஒருவர். அருட்சகோதரிகள் நடத்தும் செவிலியர் பள்ளியில் மூன்றாண்டு பயின்று, 1999-இல் மெழுகுதிரி ஏந்தி உறுதிமொழி எடுத்தவர். மகப்பேறு வார்டிலும் அறுவை வார்டிலுமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். 2011-இல் மாமியார் பக்கவாதத்தில் வீழ்ந்தார். வீட்டில் வேறு ஆளில்லை. பணியை விட்டார். முதல் ஓராண்டு மூக்குக்குழாய் வழியே உணவூட்டி, இரவில் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து புரட்டிப் படுக்கவைத்து, அந்த மூதாட்டியை ஒன்பது ஆண்டுகள் காத்தார். இறக்கும் நாள்வரை அவர் உடலில் ஒரு படுக்கைப்புண் இல்லை. செவிலியத்தை அறிந்தோர்க்கு இதன் பொருள் புரியும். 2021-இல், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் கழுத்தை நெரித்தபோது, தாம் பயின்ற மருத்துவமனையின் படியேறினார். "பத்து வருஷம் இடைவெளி இருக்கிறதேம்மா. பதிவும் காலாவதியாகி இருக்கிறது. புதிதாகப் படித்து வந்த பிள்ளைகளே நிறைய இருக்கிறார்கள்" என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒன்பது ஆண்டுகளை எழுத விண்ணப்பத்தில் கட்டம் ஏதும் இருக்கவில்லை.

இதைக் கேட்டவுடன் நம்மில் பலர், "கை மறக்குமா? பணி என்பது அழைத்தல் அல்லவா? சான்றிதழ் எதற்கு?" என்று பொங்கி எழுவதுண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. கை மறக்காமல் இருக்கலாம். ஆனால் அதற்குள் மருத்துவமனை மாறிவிடுகிறது. 1999-இல் பயின்றவர், நின்றுபோன இதயத்துக்கு 15 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சு ஊதக் கற்றவர். 2005-இல் அக்கணக்கு 30-க்கு 2 என்றாயிற்று. 2010-இல் வரிசையே மாறி, மார்பை அழுத்துவது முதற்செயலாயிற்று. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 அலகு கொண்ட குப்பியும் உண்டு, 100 அலகு கொண்டதும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி ஊசிக்குழல். பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் எடுத்துவிட்டால் நோயாளியின் உடலில் ஏறுவது இரண்டரை மடங்கு. அதிகாலையில் அவர் நினைவிழந்து கிடப்பார். மருத்துவக் கழிவுக்கான விதிகள் 1998-இல் வந்தன. 2016-இல் புதியன அவற்றின் இடத்தைப் பிடித்தன. நல்ல மனம் ஒன்றே இவற்றையெல்லாம் கற்பித்துவிடாது. சட்டம் இத்தொழிலைப் பதிவேட்டுக்குள் வைத்திருப்பது வீணுக்கன்று. சென்னை மாகாணத்தில் செவிலியர், தாதியர் சட்டம் 1926-இலேயே இயற்றப்பட்டது. அகில இந்திய அளவில் 1947-இல். அதற்குப் பதிலாக 2023-இல் நாடாளுமன்றம் புதிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பதிவேடு நோயாளிக்குக் காவல். அதைத் தளர்த்து என்று கேட்பது இரக்கமாகாது.

ஆகவே நம் வழக்கு பூட்டைப் பற்றியதன்று. பூட்டைக் காட்டிவிட்டுச் சாவி எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல் திருப்பி அனுப்புவதைப் பற்றியது. பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டில் 150 மணி நேரத் தொடர்கல்வி என்று இந்திய செவிலியர் குழுமம் வகுத்தது. நல்லதே. ஆனால் அந்த மணிகள் எப்படிச் சேர்கின்றன என்பதைக் கண்டவர் அறிவர். மண்டபத்தில் கையொப்பமிட்டு, மூன்று உரைகள் கேட்டு, மதிய உணவுப் பொட்டலத்தோடு சான்றிதழையும் வாங்கி வருகிறார்கள். பத்தாண்டு வீட்டிலிருந்த ஒருவருக்கு வேண்டியது இதுவா? அவருக்கு வேண்டியது நோயாளியின் படுக்கையருகே, அனுபவமுள்ள ஒருவரின் கண் முன்னே, மருந்து கொடுத்தும் குறிப்பெழுதியும் மீளப் பழகும் சில வாரங்கள். அதை யார் தருகிறார்கள்?

இங்கிலாந்தில் செவிலியர் மூன்றாண்டுக்கு ஒருமுறை 450 மணி நேரப் பணியைக் காட்ட வேண்டும். காட்ட முடியாமல் பதிவேட்டிலிருந்து விலகியவர் திரும்ப விரும்பினால், அதற்கென்றே பல்கலைக்கழகங்களில் பாடத்திட்டமும், மருத்துவமனையில் மேற்பார்வையோடு கூடிய பயிற்சியும் உண்டு. அல்லது திறன் தேர்வு எழுதித் தேறலாம். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் மூண்டபோது, அண்மைக் காலத்தில் விலகியவர்களை அந்நாடு தற்காலிகப் பதிவேட்டில் சேர்த்து அழைத்துக்கொண்டது. அந்நாட்டைப் புகழ்வது நம் நோக்கமன்று; தன் பிள்ளைகளைப் போதிய அளவில் பயிற்றாமல் நம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற நாடு அது. ஆயினும் திரும்பி வருவோருக்கென ஒரு வழியை எழுதி வைத்திருக்கிறது. நாம் வைக்கவில்லை. அதனால் விளைவது என்ன? பதிவு காலாவதியானவரைச் சிற்றூர் மருத்துவமனைகள் சில 'உதவியாளர்' என்று பெயரிட்டு, அரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்கின்றன. ஊசி போடுவதும் அவரே. தவறு நேர்ந்தால் சிக்குவதும் அவரே. நோயாளியைக் காக்க வந்த விதி இப்படித்தான் நோயாளியைக் கைவிடுகிறது.

இனிச் சொல்லப்போவது நம் வீட்டுக்குள் கேட்க வேண்டியது. தமிழில் நாம் செவிலியரையும் 'சிஸ்டர்' என்கிறோம். துறவியையும் 'சிஸ்டர்' என்கிறோம். செவிலியம் பயின்ற அருட்சகோதரி ஒருவரைச் சபைத் தலைமை விடுதிக் காப்பாளராக அனுப்புகிறது. பின்னர் மாநிலப் பொருளாளராக்குகிறது. பின்னர் உரோமைக்குப் படிக்க அனுப்புகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மருத்துவமனைக்குத் திரும்புகிறார், பெரும்பாலும் செவிலியர் கண்காணிப்பாளராக. அவருடைய இடைவெளியை எவரும் கேட்பதில்லை. அது கீழ்ப்படிதல் என்று பெயர் பெறுகிறது. மணமான செவிலியரின் இடைவெளியோ குறைபாடு என்று பெயர் பெறுகிறது. இன்சுலின் குழலின் மூடி நிறம் இருவருக்கும் ஒன்றுதானே? துறவியரைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. தாமே முன்வந்து, இளைய செவிலியரின் கீழ் ஒரு மாதம் வார்டில் நின்று பழகிய பின்னரே பொறுப்பேற்ற சகோதரி ஒருவரை நாம் அறிவோம். அவரைப் பற்றி வேடிக்கையாகப் பேசியவர்களையும் அறிவோம்.

விந்தை என்னவெனில், கதவு மூடியிருப்பதன் வலியை நம் துறவியரைவிட நன்கு அறிந்தவர் இலர். துறவறப் பெண்கள் மருத்துவத் தொழில் செய்வதைத் திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தது. பேறுகாலப் பணியோ முற்றிலும் ஆகாததாகக் கருதப்பட்டது. ஆக்னெஸ் மக்லாரன் என்ற மருத்துவ அம்மையார் இத்தடையை நீக்கும்படி உரோமையிடம் திரும்பத் திரும்ப மன்றாடி, பலன் காணாமலே 1913-இல் இறந்தார். அவரது வரலாற்றைப் படித்து உந்தப்பட்ட மேரி குளோரி, மெல்போர்னில் வேரூன்றியிருந்த மருத்துவத் தொழிலை விட்டு 1920-இல் குண்டூருக்கு வந்து துறவற சபையில் சேர்ந்தார். திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் தனி அனுமதி அளித்ததால், துறவுப் பயிற்சிக்குப் பின் மீண்டும் நோயாளிகளிடம் செல்ல அவரால் முடிந்தது. பொதுத் தடை தளர்ந்தது 1936-இல்தான். அவர் 1943-இல் தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தில் இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உள்ளன. விட்டு வந்த தொழிலுக்குத் திரும்ப ஒரு பெண்ணுக்கு வழி திறந்துவிட்டதால் விளைந்தது இது.

நிற்க. செவிலியர் ஏன் பணியை விடுகிறார்கள் என்பதையும் பேசாமல் நகர முடியாது. குடும்பம் மட்டுமா காரணம்? உச்ச நீதிமன்றம் 2016-இல் இட்ட கட்டளைப்படி அமைந்த மத்தியக் குழு, ஐம்பதுக்குக் குறைந்த படுக்கையுள்ள தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும், 200-க்கு மேற்பட்ட படுக்கையுள்ளதில் அரசுச் சம்பளத்துக்கு ஈடாகவும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் மருத்துவமனைகளுள் எத்தனை அதை எட்டியிருக்கின்றன? இக்கேள்விக்குக் கணக்கரைவிட ஆயர் இல்லம் பதில் சொல்வதே பொருத்தம். குறைந்த சம்பளத்தில் இரவுப்பணி பார்ப்பவர், பிள்ளையைக் காக்க ஆள் வைத்தால் சம்பளம் அதற்கே சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் வேலையை விடுகிறார். அதைத் தியாகம் என்று மேடையில் புகழ்வது எளிது.

'பணம் எங்கே?' என்று கேட்பார்கள். நாம் புதிய கட்டடம் கேட்கவில்லை. செவிலியர் பள்ளி நம்மிடம் இருக்கிறது; வார்டு இருக்கிறது; பயிற்றுநர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை, பத்துப் பேருக்கு, மூன்று மாதம். முதலில் மாநிலக் குழுமத்தில் பதிவைப் புதுப்பிக்க வழிகாட்டுதல். பின் மேற்பார்வையில் வார்டுப் பணி. இறுதியில் செய்முறைத் தேர்வு. தேறாதவரைத் தேறவில்லை என்றே சொல்ல வேண்டும். அதில் இரக்கம் காட்டலாகாது. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை கொடுக்க வேண்டும். இல்லையேல் அதுவும் இலவச ஊழியம் கறக்கும் தந்திரமாகிவிடும். இந்த அச்சத்தை நாம் காரணமில்லாமல் எழுதவில்லை.

காய்ச்சல் நீங்கிய சீமோனின் மாமியார் எழுந்து பணிவிடை செய்ததை நற்செய்தியில் வாசிக்கிறோம். நாம் குறிப்பிட்ட அம்மையாரோ இன்று ஒரு மருந்துக்கடையில் நின்று, மருத்துவர் எழுதியதைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். ஆண்டுதோறும் ஜூலை 14-ஆம் நாள் புனித கமில்லுஸ் திருநாளுக்கு, முன்னாள் மாணவி என்ற முறையில், அந்த மருத்துவமனையிலிருந்து அவருக்கு அழைப்பிதழ் தவறாமல் வருகிறது. திருப்பலியும் மதிய விருந்தும் உண்டு. சென்ற ஆண்டு கடையில் விடுப்புக் கிடைக்காததால் அவர் போகவில்லை.