துளை எங்கே நிற்கிறது?

யூக்கானின் பொனான்சா ஓடையில் 1896 ஆகஸ்டில் ஜார்ஜ் கார்மாக், ஸ்கூக்கும் ஜிம், டாசன் சார்லி ஆகியோர் பொன் கண்டதும், மறு ஆண்டே குளோண்டைக்கை நோக்கிக் கூட்டம் திரண்டதும் தெரிந்த கதை. அந்த ஓடை நம் தொழிலுக்குச் சொல்வதோ வேறு: பிளேசர் பொன் எங்கே தங்கியிருக்கிறது என்று சொல்லாத தர எண்ணுக்கு மதிப்பில்லை. நாமோ அப்படிப்பட்ட எண்களைத்தான் அறிக்கைகளில் இன்னும் அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.

குளோண்டைக், பனியாறுகள் மூடாமல் தப்பிய நிலம். பனிக்கட்டி வழித்துக்கொண்டு போகாததால், ஓடைகள் காலங்காலமாகச் சேர்த்த சரளை அங்கே நிலைத்தது. பிளியோசீன் காலத்து வெண்சரளை இன்று படுகைக்கு வெகு உயரத்தில், குன்றுகளின் தோளில் கிடக்கிறது. ஓடை அதை அறுத்துக்கொண்டு இறங்கியபோது, அதிலிருந்த பொன்னில் ஒரு பகுதி மறுபடி கழுவப்பட்டுக் கீழே சேர்ந்தது. பழம் தின்று கொட்டை போட்ட சுரங்கக்காரர்கள் படுகையை மட்டுமே நம்பினார்கள். 1897-இல் மேட்டில் குழி போட்ட புதியவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மேட்டிலும் பொன் கிடைத்தது.

மேடானாலும் பள்ளமானாலும் பொன் செறிந்திருந்தது சரளையின் அடிப்பகுதியிலும் அதற்குக் கீழிருந்த பாறையிலும். அங்கே அடிப்பாறை பெரும்பாலும் சிஸ்ட். தகடு தகடாகப் பிளந்து, மேற்பரப்பு நொறுங்கிக் கிடக்கும். ஒப்படர்த்தி 19.3 உள்ள உலோகத்துக்கு அந்த விரிசல்கள் போதும். சரளைக்கும் பாறைக்குமான எல்லையைத் தாண்டி இறங்கிவிடும். குளிர்காலத்தில் நெருப்பு மூட்டி உறைமண்ணை இளக்கி, அங்குலம் அங்குலமாகக் கிணறு இறக்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேல்சரளையைத் தோண்டிப் பரப்ப அவர்கள் விறகை வீணாக்கவில்லை. அடிவரை இறங்கி, பக்கவாட்டில் குடைந்து, கடைசிச் சரளையையும் பாறையின் நொறுங்கிய மேல்பகுதியையும் வாரி மேலே குவித்தார்கள். வசந்தத்தில் ஓடை உருகியதும் கழுவினார்கள். விறகுச் செலவு கற்றுக்கொடுத்த நிலவியல் அது, நல்ல நிலவியலும்கூட.

நம் துளைகளைப் பாருங்கள். லாக் புத்தகத்தில் “அடிப்பாறை தொட்டது” என்று ஒரு வரி, உடனே கம்பியை உருவிவிடுகிறோம். மிக முக்கியமான அரை மீட்டர் தொடப்படாமலே நின்றுவிடுகிறது.

அடுத்தது மாதிரியின் அளவு. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொன் மணி ஏறத்தாழ 10 மில்லிகிராம் எடையிருக்கும். 10 லிட்டர் சரளையில் அது ஒன்று அகப்பட்டால் தரம் கனமீட்டருக்கு 1 கிராம், அகப்படாவிட்டால் பூஜ்யம். உண்மைத் தரம் 0.5 கிராம், பொன் முழுவதும் இந்த அளவு மணிகளாகவே தாறுமாறாகச் சிதறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டுக்குப் 10 லிட்டராகப் பத்துத் தட்டு அரித்தால் சராசரியாக ஆறு வெறுந்தட்டாகத்தான் வரும். அந்த ஆறை நம்பி நிலத்தைக் கைவிடுபவரும் உண்டு, மீதி நான்கைக் காட்டி முதலீட்டாளரிடம் போகிறவரும் உண்டு. இருவர் கையிலும் இருப்பது ஒரே தரவுதான். பருமணிப் பொன்னுக்குப் பெருமாதிரியைத் தவிர வேறு மருந்தில்லை. செலவுதான், என்ன செய்வது.

உறைமண் ஒரு உதவியும் செய்தது: குழியின் சுவர் தானாக நின்றது. நிலம்பூரில் சாலியாற்றின் நீர் ஊறிய சரளையில் துளைப்பவருக்கு அந்த வசதி இல்லை. உறைகுழாய் துரப்பணத்துக்குப் பின்தங்கினால் பக்கத்துச் சரளை சரிந்து, பொன்னும் உடன் இறங்கி, ஆழத்தின் தரத்தை ஊதிக்காட்டும். பாறை ஆழமாகச் சிதைந்து செம்பாறையாகிவிட்ட இடத்தில், அடிப்பாறை எங்கே தொடங்குகிறது என்பதே தகராறு. அங்கே “தொட்டது” என்ற வரிக்கு இன்னும் குறைவாகத்தான் பொருள்.

எனவே அடுத்த இதழிலிருந்து பிளேசர் கட்டுரைகளில் ஒவ்வொரு மாதிரிக்கும் நான்கு விவரங்கள் வேண்டும்: அரித்த கன அளவு, பாறைக்குள் இறங்கிய ஆழம், கிடைத்த மணிகளின் எண்ணிக்கை, அவற்றின் எடை. வெறுந்தட்டுகளும் அட்டவணையில் இடம்பெற வேண்டும். சராசரித் தரத்தை மட்டும் தரும் கட்டுரை மதிப்பாய்வாளரிடம் போகாமலே ஆசிரியருக்குத் திரும்பும்.