கொல்லங்கோடு வானத்துல உடையுற துகள்கள்: ஊட்டி ஆய்வகத்துக்கு ஜெனீவா கணக்கு ஏன் தேவை?

வீக்எண்டுல கொல்லங்கோடு போய் வயல்வெளியில ரீல்ஸ் எடுக்கிறவங்களா நீங்க? கையை நீட்டிப் பிடிச்சா, உள்ளங்கை வழியா நிமிடத்துக்குச் சுமார் 100 மியூவான்கள் கடந்து போகும். எலக்ட்ரானோட எடை கூடின உறவுக்காரன்னு மியூவானைச் சொல்லலாம். எந்த ஊர்லயும் ஏறக்குறைய இதே கணக்குதான். இடுக்கி எல்லையை ஒட்டின தேனி பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அடியில் இடம் கேட்டதே இந்த மியூவான்களைத் தடுக்கத்தான். (அந்தச் சண்டை தனிக் கதை.)

இவை எங்கிருந்து வருகின்றன? விண்வெளியிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களில் மோதுகின்றன. அதில் பிறக்கும் பையான்கள் மேலும் மோதி, கடைசியில் சிதைந்து மியூவானாகின்றன. தரைக்கு எத்தனை மியூவான் வரும் என்று கணினி மாதிரிகள் கணிக்கும். அந்தக் கணிப்புதான் உதைக்குது. மிக அதிக ஆற்றல் கதிர்களைப் பார்க்கும் அர்ஜென்டினாவின் பியர் ஓஷே ஆய்வகம், கணிப்பைவிட 30 முதல் 60 சதவீதம் வரை அதிகமான அளவைப் பார்த்ததாக 2016-ல் சொன்னது.

சந்தேக வளையத்தில் இருப்பவற்றில் ஒன்று ரோ மீசான். ஒரு நொடியைக் கோடி கோடி கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி 1,000 ஆக உடைச்சா, அதில் நாலைந்து துண்டுதான் இதன் ஆயுள். இப்படிப்பட்ட அற்பாயுள் துகளை ‘ரெசொனன்ஸ்’ என்பார்கள். எந்தக் கருவியிலும் நேரடியாகச் சிக்காது. அது விட்டுப்போகும் இரண்டு பையான்களின் ஆற்றலையும் திசையையும் வைத்து, ‘இங்கே ஒரு ரோ இருந்தது’ என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

இவ்வளவு சின்ன ஆயுசுக்கு ஏன் இவ்வளவு கவலை? மோதலின் ஆற்றலில் பெரும்பங்கு மின்சுமையற்ற பையானிடம் போனால், அது உடனே இரண்டு காமா கதிர்களாகிவிடும். மியூவான் கணக்கில் அது நஷ்டம். அதே ஆற்றல் மின்சுமையற்ற ரோவிடம் போனால், மின்சுமையுள்ள இரண்டு பையான்கள் கிடைக்கும். ஆட்டம் தொடரும். மோதல் தலைமுறை தலைமுறையா நடப்பதால், தொடக்கத்தில் உள்ள சின்ன வித்தியாசம் தரையில் பெரிதாகிவிடும்.

அதனால்தான் ஜெனீவாவில் உள்ள செர்ன் மையத்தின் என்ஏ61/ஷைன் குழு, பையான் கற்றையைக் கார்பன் மீது மோதவிட்டு ரோவை எண்ணியது. கார்பனும் காற்றின் நைட்ரஜன் போல லேசான அணுக்கரு. திடப்பொருள் என்பதால் கையாளச் சுலபம். 2017-ல் வந்த முடிவு: எந்த மாதிரியும் அளவீட்டோடு முழுசாகப் பொருந்தவில்லை.

இது நமக்கும் நேரடி விவகாரம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஊட்டியில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 மையம் 560 சதுர மீட்டர் மியூவான் கருவியை வைத்திருக்கிறது. வந்தது புரோட்டானா, கனமான அணுக்கருவா என்று மியூவான் எண்ணிக்கையை வைத்தே பிரிக்கிறார்கள். 2024-ல் புரோட்டான் கதிர்களில் 166 டெரா எலக்ட்ரான்வோல்ட் அருகே புது வளைவு ஒன்றைக் காட்டினார்கள். ஓஷே பார்க்கும் ஆற்றலைவிட இது மிகக் குறைவு. அங்குள்ள முரண்பாட்டை அப்படியே இங்கே ஏற்றிப் பேச முடியாது. ஆனால் பிரிக்கும் வேலைக்கு இவர்களும் மாதிரிகளைத்தான் நம்பணும்.

2025 ஜூலையில் செர்னின் எல்ஹெச்சி முதல் முறையாகப் புரோட்டானையும் ஆக்சிஜனையும் மோதவிட்டது. காற்றில் நடக்கும் முதல் மோதலுக்கு அது நல்ல மாதிரி. அடுத்தடுத்த மோதல்களைச் செய்வதோ பையான்கள். எல்ஹெச்சியில் பையான் கற்றை கிடையாது. அதற்கு இன்னும் அந்தக் கார்பன் அளவீட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.