ஆட்டோவுக்கு எஃப்.சி. உண்டு, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு?

ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும் ஷேர் ஆட்டோவுக்கு எஃப்.சி. வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று சோதிக்கிறார்கள். எஃப்.சி. இல்லாமல் சிக்கினால் அபராதம்! அதே சாலையோரம் மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து குடோன்களுக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்டை யார் சோதிப்பது?

இது சின்ன வண்டி அல்ல. 2.5 டன் தூக்கும் வண்டி, லோடு இல்லாமலே 3.5 டன்னுக்கு மேல் இருக்கும். மூன்று காரின் எடை! திரும்புவது பின்சக்கரத்தில். வண்டியை ஒடித்தால் பின்பக்கம் வீசும். பக்கத்தில் நிற்கும் லோடுமேன் கதி என்ன?

சட்டத்தில் பெயர் இல்லை

மோட்டார் வாகனச் சட்டம், மதில் சுவருக்குள் மட்டும் ஓடும் இந்த மாதிரி வண்டிகளை வாகனமாகவே சேர்க்கவில்லை. ஆகவே ஆர்.டி.ஓ. வரமாட்டார்.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் தூக்கு இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதிக்கச் சொன்னது. கிரேன், வின்ச், கப்பி என்று பட்டியலும் போட்டது. மாமல்லபுரத்தில் கல் தூக்குகிற கப்பிக்குக்கூட அதில் பெயர் இருந்தது, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு இல்லை! போதாக்குறைக்கு, சரக்கை இறக்கி ஏற்றும் வேலை மட்டும் நடக்கும் குடோன் ‘தொழிற்சாலை’ கணக்கிலேயே வரவில்லை.

2020-ல் நிறைவேறிய புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் குடோனும் அதில் அடக்கம். நல்ல விஷயம்தான். ஆனால் காகிதம் சங்கிலியை இழுத்துப் பார்க்காதே!

லோடைத் தூக்குவது அந்தச் சங்கிலிதான். புதிதில் 100 செ.மீ. இருந்தது 103 செ.மீ. ஆக நீண்டுவிட்டால் கழற்றி எறிய வேண்டும். முட்கரண்டி போன்ற இரும்பு, முழங்கை மாதிரி வளையும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலும் அப்படித்தான். கோவளம் முதல் கல்பாக்கம் வரை உப்புக்காற்று வேறு. எண்ணெய் காட்டாத சங்கிலி சீக்கிரமே துருப்பிடிக்கும். அந்தச் சங்கிலியை நம்பி, மேல் தட்டுப் பெட்டியை எடுக்க ஆளையே பேலட்டில் ஏற்றித் தூக்குவது எவ்வளவு பெரிய கொடுமை!

காலையில் பத்து நிமிடம் போதும். பிரேக், ஹாரன், டயர், ஆயில் கசிவு, சங்கிலி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். டிரைவருக்கும் இது தெரியும். ஆனால் வாசலில் லாரி நிற்கிறது. ‘இன்னிக்கு ஓட்டு, நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்றால் கான்ட்ராக்ட் டிரைவர் எப்படி மறுப்பார்? மறுத்தால் அன்றைய கூலி போச்சு.

பழுதான வண்டியை நிறுத்தும் டிரைவருக்குக் கூலியைப் பிடிக்கக் கூடாது. குடோன் குடோனாக எத்தனை வண்டி, கடைசியாக எப்போது யார் சோதித்தது என்ற கணக்கை எடுத்து, தேதியை வண்டியிலேயே எழுதி ஒட்ட வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு இயக்கக அதிகாரிகள் செய்வார்களா?